விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும்போது, சக்கரம் தளத்தில் பட்டதும் த்ராட்டிலை (எஞ்சின் விசைக் கைப்பிடியை) ஏன் முழுசாகத் தள்ளுகிறார்கள்?

மீகாமன்:
கொரியப் போர்க்காலப் படங்களில் அமெரிக்கக் கடற்படையின் பேந்தர் ஜெட் கப்பலில் இறங்கும்போது, பின்முனையில் நிற்கும் சைகை அதிகாரி கையிலுள்ள சைகைத் துடுப்பைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்ததும் விமானி த்ராட்டிலை மூடிவிடுகிறார். பத்து வருஷம் கழித்து குரூசேடர் ஜெட்டில் நேர்மாறு: சக்கரம் பட்டதும் முழு விசை. நிற்க வேண்டிய இடத்தில் எதற்கு விசை? சரியான உயரத்தில் வருகிறோமா என்று விமானிக்குக் காட்டும் கண்ணாடி வந்தபிறகு அந்த அதிகாரிக்கு என்னதான் வேலை?

நெய்தல்:
மாறியது கப்பலின் தளம். பழைய நேர்த்தளத்தில் முன்பாதி முழுக்க விமானங்கள் நிற்கும். அதனால் துடுப்பு வெட்டியபின் மறுபடி கிளம்ப வழியே இல்லை. விமானத்தின் வால் கொக்கியை (ஹூக்) மாட்டி நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிகளைத் தவறவிட்டால் தடுப்புவேலிதான். ஜெட்டுக்கு முன்னால் விசிறி கிடையாது, வேலியின் எஃகுக் கம்பி மூக்கின்மேல் வழுக்கி விமானி அறைக்கே வந்துவிடும். அதற்காகத்தான் டேவிஸ் தடுப்பு: மூக்குச் சக்கரம் ஒரு பட்டையில் மோதும், பட்டை கம்பியை மேலே இழுத்து முதன்மைச் சக்கரக் கால்களில் மாட்டிவிடும். அதையும் தாண்டினால் நைலான் வலை. இத்தனை இருந்தும் 1951 செப்டம்பரில் அமெரிக்கக் கப்பல் எசெக்ஸில், அடிபட்டு வந்த பான்ஷீ ஜெட் ஒன்று நிறுத்தியிருந்த விமானங்கள்மேல் விழுந்து தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள்.

அதே ஆண்டு பிரிட்டிஷ் கடற்படையின் டென்னிஸ் கேம்பல், ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தின் லூயிஸ் பாடிங்டன் இருவரும் இறங்குபாதையை இடப்பக்கம் சாய்த்துவிடும் யோசனையைச் சொன்னார்கள். இப்போது கம்பி தவறினால் எதிரே வெறும் கடல், பறந்துவிடலாம். ஆனால் அந்தக்கால ஜெட் எஞ்சின் சும்மா ஓடும் நிலையிலிருந்து முழு விசைக்கு வரப் பல விநாடி எடுக்கும். விமானம் 130 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), தளத்தின்மேல் எதிர்க்காற்று 30 நாட் என்றால் விநாடிக்கு 51 மீட்டர் தளம் கழிகிறது. ‘மாட்டியதா?’ என்று பார்த்துவிட்டுத் தள்ளினால் தண்ணீரில்தான் போய் நிற்கும். அதனால் தெரிவதற்கு முன்பே தள்ளுவது. முழு விசையையும் மீறி இழுத்து நிறுத்தக் கம்பிக்கு வலு உண்டு. நின்று, ஆள் சைகை காட்டியபிறகுதான் குறைக்க வேண்டும்.

காலாந்தர்:
கண்ணாடி பற்றி. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி நிக்கலஸ் குட்ஹார்ட் கைக்கண்ணாடியில் லிப்ஸ்டிக்கால் கோடு போட்டு அலுவலக மேசையிலேயே செய்துகாட்டிய சமாச்சாரம் அது! நடுவில் தெரியும் ஒளிப்பொட்டு பச்சை விளக்கு வரிசைக்கு மேலே ஏறினால் நீங்கள் உயரம், கீழே இறங்கினால் தாழ்வு.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். இறக்கச் சாய்வு 3.5 பாகை என்றால், 1 மீட்டர் உயரமாக வந்தால் ஹூக் 16 மீட்டர் தள்ளி விழும். கம்பிகளுக்கு இடையே சுமார் 12 மீட்டர்தான். ஒரு கம்பி போயே போச்சு. விமானியின் கண்ணுக்கும் ஹூக்குக்கும் உள்ள உயரம் விமானத்துக்கு விமானம் வேறு. ஒவ்வொரு ரகத்துக்கும் கருவியைத் திருத்தி வைக்காவிட்டால், பொட்டு நடுவிலேயே இருக்கும், ஹூக் தப்பான இடத்தில் விழும்.

பொட்டு உயரத்தை மட்டுமே சொல்லும். வேகம், மையக்கோடு, ஹூக் இறங்கியிருக்கிறதா, அலையில் தளம் எப்போது தூக்கும், இவை சைகை அதிகாரியின் பாடு. விமானத்தின் மூக்குக்காலிலுள்ள விளக்கு பச்சை என்றால் வேகம் குறைவு, மஞ்சள் சரி, சிவப்பு அதிகம். வருவது சரியில்லையா, கையிலுள்ள பொத்தானை அழுத்தி, இறங்கவிடாமல் துரத்திவிடுவார்.

நெய்தல்:
ஒன்று விட்டுப்போச்சு. சாய்தளத்தில் மையக்கோடு ஒரே இடத்தில் நிற்காது. கப்பல் 25 நாட்டில் போக, பாதை 9 பாகை சாய்ந்திருந்தால், கோடு விநாடிக்கு 2 மீட்டர் வலப்பக்கம் நகரும். கடைசி 15 விநாடியில் 30 மீட்டர். வலப்பக்கம் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே வர வேண்டும்.

மீகாமன்:
புரிந்தது, நன்றி. துரத்திவிட்டபின் மூக்கைத் தூக்கலாமா?

காலாந்தர்:
விசைதான் முதலில். மூக்கை வெடுக்கென்று தூக்கினால் ஹூக் கீழே தாழ்ந்து, சக்கரம் காற்றில் இருக்கும்போதே கம்பியில் மாட்டும். அப்புறம் விமானம் தளத்தில் அறைந்து விழும், முதலில் முறிவது மூக்குக்கால்.