துடுப்புப் படகுப் பயிற்சியாளர் வேலை: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

பெரியப்பா (பாளையங்கோட்டை): சென்னையில் உடற்கல்விப் படிப்பு முடிந்ததும் கல்லூரி அணிகளுக்குத் துடுப்புப் படகுப் பயிற்சியாளராகப் போவதாக உன் அப்பா சொன்னான். தடுப்பதற்காக எழுதவில்லை அம்மா. தாமிரபரணிக் கரையில் வளர்ந்த நம் வீட்டில் நீந்தத் தெரியாதவர் இல்லை என்றாலும், படகுப் பந்தயத்தை நம்பி ஒருவர் ஆயுள் முழுவதும் வாழ முடியுமா என்பதை நீதான் விளக்க வேண்டும்.

நான்: வணக்கம் பெரியப்பா. அப்படி வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹாரி பார்க்கர் 1963-இல் ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2013 ஜூன் மாதம் இறக்கும்வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார். கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அவர் துடுப்பையே பிடித்தார் என்பது எனக்குப் பெரிய தைரியம் தருகிறது. பிறகு 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒற்றையர் படகில் ஐந்தாம் இடம் பெற்று, ஹார்வர்டில் முதலாண்டு மாணவர்களுக்குக் கற்றுத்தரும் சிறிய வேலையில் சேர்ந்தார். தலைமைப் பயிற்சியாளர் இறந்துபோனதால் பொறுப்பு அவரிடம் வந்தபோது அவருக்கு வயது 27.

அண்ணன் (பாஸ்டன்): நான் வேலைக்குப் போகும் வழியில் சார்லஸ் ஆற்றுப் பாலத்திலிருந்து இந்தப் படகுகளைப் பார்ப்பதுண்டு. எட்டுப் பேர் பின்னோக்கி அமர்ந்து துடுப்பு வலிக்க, காக்ஸ் எனப்படும் ஒருவர் மட்டும் முன்னோக்கிப் பார்த்துச் சுக்கான் பிடிப்பார். பயிற்சியின்போது பயிற்சியாளர் மோட்டார் படகில் ஒலிபெருக்கியுடன் பக்கத்திலேயே போவார். 1852-இல் தொடங்கிய ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்களின் படகுப் பந்தயம்தான் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி. பார்க்கர் பொறுப்பேற்றபின் முதல் 18 ஆண்டுகள் யேல் ஒருமுறைகூட வெல்லவில்லை.

அத்தை (அம்பாசமுத்திரம்): கபடியில் கோட்டுக்கு வெளியே நின்று சத்தம் போடுவதைப்போல் இதிலும் பயிற்சியாளர் சத்தம் போடுவாரா?

நான்: இல்லை அத்தை. இரண்டாயிரம் மீட்டர் பந்தயம் தொடங்கிவிட்டால் அணிக்குக் கட்டளை சொல்பவர் படகுக்குள் இருக்கும் காக்ஸ்தான். பயிற்சியாளரின் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதில் மிகக் கடினமானது யாரை எந்த இருக்கையில் அமர்த்துவது என்ற முடிவு. அதற்கு இருக்கைப் பந்தயம் என்றொரு முறை இருக்கிறது. நால்வர் படகுகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு இடைவெளியைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு நடு ஆற்றிலேயே நிறுத்தி, இரண்டிலிருந்தும் ஒவ்வொருவரை மட்டும் இடம் மாற்றி, அதே தூரத்தை மறுபடி ஓட்டுவார்கள். முதலில் ஒரு படகு நீளம் முந்திய படகு இப்போது அரை நீளம் பிந்தினால், அந்த ஒன்றரை நீளம் இடம் மாறிய இருவருக்கும் உள்ள வேறுபாடு. துடுப்பு வலிக்கும் பலத்தைக் கரையிலேயே அளக்கும் எர்கோமீட்டர் கருவியில் பலசாலியாகத் தெரிபவர் படகில் மற்றவர்களின் தாளத்தைக் கெடுப்பதும், கருவியில் சுமாரானவர் ஏறியதும் படகு வேகமெடுப்பதும் இதில்தான் தெரியவரும். சோர்வையும் காற்றையும் கணக்கில் எடுக்காத பயிற்சியாளர் தவறான பெயரை நீக்கிவிடுவார். ஒரு மாணவியின் ஓராண்டு உழைப்பு அந்த முடிவில் இருக்கிறது என்பதால், இந்த நிதானத்தை ஒரு மூத்த பயிற்சியாளரிடம் உதவியாளராக இருந்துதான் கற்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெரியப்பா (பாளையங்கோட்டை): நன்றாக விளங்குகிறது. ஆனால் அது ஹார்வர்டு. இங்கே படகு வைத்திருக்கும் கல்லூரிகள் எத்தனை? அதிலும் பெண்ணை வேலைக்கு எடுப்பார்களா?

நான்: மிகக் குறைவு பெரியப்பா, மறைக்க மாட்டேன். சென்னையில் 1867 முதல் மெட்ராஸ் போட் கிளப் இருக்கிறது. ஆனாலும் நம் நாட்டின் சிறந்த வீரர்கள் பெரும்பாலும் ராணுவத்தில்தான் உருவாகிறார்கள். 2010 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற பஜ்ரங் லால் தாக்கரும் ராணுவத்தவர்தான். பெண்களுக்கான வேலை அமெரிக்காவிலும் தானாக வந்துவிடவில்லை. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1972-இல் வந்த பிறகும், படகுத்துறையில் குளியலறை இல்லாமல் ஈர உடையோடு பேருந்தில் காத்திருந்த யேல் மாணவிகள் 1976-இல் உடற்கல்வி அலுவலகத்துக்கே சென்று போராட வேண்டியிருந்தது. பிறகு பல கல்லூரிகள் பெண்கள் அணி தொடங்கின; 1997 முதல் அவர்களுக்குத் தேசியக் கல்லூரிப் போட்டி நடக்கிறது; பயிற்சியாளர் பணியிடங்களும் பெருகின. அணி இருந்தால்தான் வேலை இருக்கும். அதனால் இங்கே அணியையும் நாங்களே கேட்டு உருவாக்க வேண்டியிருக்கும்.

அத்தை (அம்பாசமுத்திரம்): நம் மணிமுத்தாறு அணையில் ஓட்ட முடியாதா? ஊரிலேயே இருந்துவிடலாமே.

நான்: ஆசை எனக்கும் உண்டு அத்தை. ஆற்றில் பாறைகளும் தடுப்பணைகளும் இருப்பதால் மெல்லிய பந்தயப் படகு தாங்காது. நீர்த்தேக்கத்தில் அனுமதி வேண்டும், கோடையில் நீர்மட்டமும் இறங்கிவிடும். முதலில் சென்னையில் ஓர் உதவிப் பயிற்சியாளரின் அனுபவம் பெற வேண்டும். பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயத்துக்கும் முயல நினைக்கிறேன்.

அண்ணன் (பாஸ்டன்): தங்கச்சி, 1976-இல்தான் ஒலிம்பிக்கில் பெண்கள் துடுப்புப் படகுப் போட்டி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. மாண்ட்ரீலில் வெண்கலம் வென்ற அமெரிக்கப் பெண்கள் எட்டுப் பேர் படகுக்குப் பயிற்சி அளித்தவரும் பார்க்கர்தான் என்பதைப் பெரியப்பாவுக்குச் சொல்ல மறந்துவிட்டாய்.

பெரியப்பா (பாளையங்கோட்டை): சரி அம்மா. தொடக்கத்தில் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும் என்று தெரிகிறது. சென்னை வாடகையை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நானும் உன் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். பட்டியாலா விண்ணப்பம் வெளிவந்ததும் கடைசித் தேதியை இங்கே போடு. சான்றிதழ் நகல்களை நான் சரிபார்த்து அனுப்புகிறேன்.