யூல் இரவு: பேகன் மரபில் டிசம்பர் கதிர்த்திருப்பத்தின் உட்பொருள் என்ன?

நிலாமுற்றம்:
கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாட்டை மீட்டெடுக்க முயல்பவர்கள் பேகன்கள். விக்கா, ட்ரூயிட், நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) வழி என்று இன்றைய பேகன் குழுக்கள் எல்லாமே டிசம்பர் 21-ஐ ஒட்டி, சூரியன் தென்கோடியை எட்டித் திரும்பும் கதிர்த்திருப்பத்தில், யூல் கொண்டாடுகின்றன. "ஒளி திரும்பி வருகிறது" என்ற ஒரு வரிக்கு மேல் எங்கேயும் விளக்கம் கிடைப்பதில்லை. ஐயாயிரம் ஆண்டு மரபு என்கிறார் ஒருவர். எல்லாம் 1950-க்குப் பிறகு உண்டாக்கியது என்கிறார் இன்னொருவர். அந்த இரவில் என்ன நிகழ்வதாக அவர்கள் நம்புகிறார்கள்? வீட்டளவில் செய்பவர்கள் எந்த வரிசையில் செய்கிறார்கள்? கணப்பு இல்லாத அடுக்குமாடி வீட்டில், அன்றிரவு எரிக்கும் மரக்கட்டையான யூல் கட்டைக்கு என்ன வழி? நம் உத்தராயணத்தோடு ஒப்பிடலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடல்நாரை:
இருவர் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது.

அயர்லாந்தின் போய்ன் பள்ளத்தாக்கில் உள்ள நியூகிரேஞ்ச் கல்லறை மேடு கி.மு. 3200 வாக்கில் எழுப்பப்பட்டது. வாசலுக்கு மேலே தனியாக ஒரு சிறு திறப்பு வைத்திருக்கிறார்கள். கதிர்த்திருப்பத்தை ஒட்டிய சில நாள்களில் மட்டும், விடிந்து நாலைந்து நிமிடம் கழித்து அதன் வழியாக வெயில் நுழையும். 19 மீட்டர் நடைவழியைக் கடந்து உள்ளறையைத் தொட்டு, 17 நிமிடம் போல இருந்துவிட்டுப் போகும். நடைவழியின் தரை உள்ளே போகப்போகச் சுமார் 2 மீட்டர் உயர்கிறது. அதனால் வாசல் வழியே வரும் வெயில் அறையை எட்டாது. மேல் திறப்பில் நுழைவது மட்டுமே எட்டும். கணக்குப் பார்த்துக் கட்டினார்கள் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். 1967 டிசம்பர் 21 அன்று தொல்லியலாளர் மைக்கேல் ஓ'கெல்லி உள்ளே இருந்து இதை நேரில் பார்த்துப் பதிவு செய்தார்.

இறந்தவர்களை வைத்த அறைக்குள், ஆண்டின் மிகக் குறுகிய நாளில் வெயிலை வரவழைத்திருக்கிறார்கள். அதுவரைதான் நிச்சயம். என்ன ஓதினார்கள், எந்தத் தெய்வத்தை நினைத்தார்கள் என்பதற்கு ஒரு வரி எழுத்துகூடக் கிடையாது. அந்த வெற்றிடத்தைத்தான் பலர் இஷ்டத்துக்கு நிரப்புகிறார்கள்.

எழுத்துச் சான்று உள்ள நார்ஸ் யோல் (யூலின் பழைய பெயர்) இதிலிருந்து வேறுபட்டது. பத்தாம் நூற்றாண்டு நார்வே அரசன் ஹாக்கோன் யோலைக் கிறிஸ்துமஸ் நாளுக்கு நகர்த்தினான், ஆளுக்கு ஓர் அளவு மால்ட்டில் (முளைகட்டிய தானியம்) ஏல் என்ற பீர் காய்ச்சவும் சட்டம் போட்டான் என்று சாகா எனப்படும் ஐஸ்லாந்துப் பழங்கதை நூல் சொல்கிறது. அதற்கு முன் அது நடுக்குளிர்கால இரவில் தொடங்கியதாம். அந்த இரவு ஜனவரி நடுவில் விழுந்தது என்று கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு. ஆகவே வைக்கிங்குகள் டிசம்பர் 21-ல்தான் யூல் கொண்டாடினார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. அவர்கள் பலியிட்டது நல்ல விளைச்சலுக்காக. ஆங்கிலோ-சாக்சன்கள் டிசம்பர் 25-ஐ ஒட்டிய இரவை அன்னையர் இரவு என்று அழைத்ததாக 725-ல் பீட் என்ற துறவி குறித்திருக்கிறார்.

ஆண்டுக்கு எட்டுத் திருநாள் என்ற 'ஆண்டுச் சக்கரம்' மட்டும் உண்மையிலேயே 1950-களில் உருவானது. விக்காவில் ஜெரால்ட் கார்ட்னரும் ட்ரூயிட் பக்கம் ரோஸ் நிக்கோல்ஸும் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். விக்கா நம்பிக்கைப்படி அன்றிரவு தேவி இருளுக்குள் சூரியக் குழந்தையைப் பெறுகிறாள். முந்தைய கோடையில் வலுவிழக்கத் தொடங்கிய அதே தெய்வம்தான் மறுபடி பிறக்கிறது. எனவே இறப்பும் பிறப்பும் ஒரே இரவில் நடக்கின்றன. தேயும் அரையாண்டின் ஹோலி ராஜாவை ஓக் ராஜா வென்று, ஒளி வளரும் அரையாண்டை ஆள்கிறான் என்ற கதையும் ஓதுவார்கள். அதன் இன்றைய வடிவத்துக்கு மூலம் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1948-ல் எழுதியது. புதியது என்பதால் பொருளற்றது என்று ஆகிவிடாது. பழையது என்று பொய் சொல்வதுதான் பிரச்சினை.

ஊசியிலை:
கடல்நாரை சொன்ன வரலாற்றில் மறுப்பில்லை. "ஒளி வென்றது" என்று அன்றிரவே கொண்டாட்டம் போடுவதோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

வானத்தைப் பாருங்கள். மார்ச், செப்டம்பரில் சூரியன் ஒரு நாளில் சுமார் 0.4 பாகை வடக்கிலோ தெற்கிலோ நகரும். கதிர்த்திருப்பத்துக்குப் பிறகு ஐந்து நாள் ஆனாலும் 0.1 பாகைகூட நகராது. அது சூரிய வட்டத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணுக்கு அது அப்படியே நிற்கும். தவிர, லண்டனில் சூரியன் மறையும் நேரம் டிசம்பர் 12 வாக்கிலேயே தாமதமாகத் தொடங்கிவிடும். ஆனால் காலை விடியல் டிசம்பர் கடைசி வரை தாமதமாகிக்கொண்டேதான் போகும். "நாளைக் காலை சீக்கிரம் விடியும்" என்று சடங்கில் சொல்பவர்கள் பஞ்சாங்கம் பார்க்காதவர்கள்!

அதனால் இந்த நாளின் உட்பொருள் நிற்பதில் இருக்கிறது என்பதே என் கட்சி. நன்றாக நடத்தும் குழுக்கள் இருட்டுக்குத்தான் அதிக நேரம் கொடுக்கும். எல்லா விளக்கையும், கைப்பேசித் திரை உட்பட, அணைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் பேசாமல் உட்கார்வார்கள். அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களைச் சொல்வார்கள். பிறகு ஒரே ஒரு சுடர். அதிலிருந்து ஒவ்வொருவராகத் தங்கள் மெழுகுவத்தியை ஏற்றிக்கொள்வார்கள். சாப்பாடு கடைசியில். பெரும்பாலும் கெடுவது முதல் பகுதிதான்: இரண்டே நிமிடத்தில் யாராவது பொறுக்கமாட்டாமல் தீக்குச்சியை உரசிவிடுவார்கள். அப்புறம் அது பிறந்தநாள் கேக் வெட்டுவது போல ஆகிவிடும்.

நார்ஸ் வழியினர் பலர் டிசம்பர் 20 மாலை அன்னையர் இரவில் தொடங்கிப் பன்னிரண்டு இரவு கொண்டாடுகிறார்கள். கொம்புக் கோப்பையைச் சுற்றுக்கு விட்டு முதலில் தெய்வங்களுக்கு, அடுத்து முன்னோர்களுக்கு, மூன்றாவது சுற்றில் சபதம். சாகாக்களில் காட்டுப்பன்றியின் மேல் கை வைத்துச் சபதம் செய்வார்கள். இப்போது பன்றி வடிவ ரொட்டி போதும். சபதம் முறிந்தால் கேட்டிருந்த எல்லாருக்கும் பழுது என்பது நம்பிக்கை. எனவே குடி ஏறுவதற்கு முன் சபதச் சுற்றை முடிப்பது நல்லது.

சுடர்விழி:
கட்டை விஷயத்துக்கு வருகிறேன். கணப்பு உள்ளவர்கள் ஓக் அல்லது ஆஷ் மரக்கட்டையை எரிப்பார்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஓக் அந்த அளவுக்குக் காய இரண்டு ஆண்டு பிடிக்கும். ஈரக்கட்டை புகையும், புகைபோக்கியில் தார் படியும், பின்னாளில் அதுவே தீப்பிடிக்கும். முழுக்க எரிய விடாமல் ஒரு துண்டை எடுத்துவைத்து, அடுத்த யூலுக்கு அதைக் கொண்டு தீ மூட்டுவது வழக்கம். சாம்பலைத் தோட்டத்தில் தூவலாம். காரத்தன்மை உள்ளது என்பதால் புளூபெர்ரி, ரோடோடென்ட்ரான் பக்கம் மட்டும் வேண்டாம்.

அடுக்குமாடிக்கு மெழுகுவத்திக் கட்டை. 40 செ.மீ. நீளம், 10 செ.மீ. குறுக்களவுள்ள காய்ந்த கட்டை எடுங்கள். அடிப்பக்கத்தைச் சீவித் தட்டையாக்கினால் உருளாது. மேலே 10 செ.மீ. இடைவெளியில் மூன்று துளை, ஒவ்வொன்றும் 22 மி.மீ. அகலம், 3 செ.மீ. ஆழம். துளைக்குள் உலோகக் கிண்ணியைச் செருகிவிட்டு மெழுகுவத்தியை நிறுத்துங்கள். மெழுகு தீர்ந்து சுடர் மரத்தைத் தொடுவதுதான் வழக்கமான விபத்து. இடைவெளி குறைந்தால் ஒன்றின் சூட்டில் மற்றது வளைந்து வழியும்.

பைன் கொப்பு, ஐவி, ஹோலி கொண்டு அலங்கரித்தால் இலை எதுவும் சுடரின் உயரத்துக்கு வரக்கூடாது. சூடேற்றிய அறையில் பத்து நாளில் பைன் சருகாகிவிடும், பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். ஹோலிப் பழம், மிசில்டோ பழம் இரண்டும் நஞ்சு. குழந்தையும் பூனையும் இருக்கும் வீட்டில் பழங்களைக் கிள்ளிவிடுங்கள்.

தைமகள்:
உத்தராயணம் பற்றி: வானியல்படி உத்தராயணத் தொடக்கமும் இதே கதிர்த்திருப்பக் கணம்தான். நம் பஞ்சாங்கம் விண்மீன் பின்னணியை வைத்து மகரப் பிரவேசத்தைக் கணக்கிடுகிறது; பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிப்போய், இப்போது பொங்கல் ஜனவரி நடுவில் வருகிறது. சுமார் 1,700 ஆண்டுக்கு முன் இரண்டும் ஒரே நாள்.

ஆனால் உணர்வு வேறு. சென்னையில் அன்றைக்கும் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். லண்டனில் 7 மணி 50 நிமிடம், ரேக்யவிக்கில் நாலு மணிக்குச் சற்றே மேல். நமக்கு அது தேவர்களின் விடியல், அறுவடைக் களிப்பு. வெயிலை இழந்துவிடுவோமோ என்ற தவிப்பு நம் சடங்கில் இருக்கக் காரணமே இல்லை.

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். இங்கிலாந்தின் பழங்காலக் கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் கூடுவது காலையிலா மாலையிலா? ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

கடல்நாரை:
கல் வட்டத்தின் அச்சு குளிர்காலத்தில் சூரியன் மறையும் திசையைக் காட்டுகிறது. மூன்று கி.மீ. தள்ளி டரிங்டன் வால்ஸ் என்ற பழங்காலக் குடியிருப்பில் கிடைத்த பன்றிப் பற்களில் பல ஒன்பது மாத வயதுடையவை. வசந்தத்தில் பிறந்து நடுக்குளிர்கால விருந்துக்கு வெட்டப்பட்டவை என்று கணிக்கிறார்கள். ஆனால் இன்றைய கூட்டம் விடியலில்தான் கூடுகிறது, வாசலும் அப்போதுதான் திறக்கும். எந்த நாள் என்பது கதிர்த்திருப்பம் நிகழும் கணத்தைப் பொறுத்தது: 2026-ல் டிசம்பர் 21 கிரீன்விச் நேரம் இரவு 8.50, இந்தியாவில் 22 அதிகாலை 2.20. பயணச்சீட்டு எடுக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவில் பெரும்பாலோர் யூலை ஜூன் 21-ஐ ஒட்டி வைக்கிறார்கள். அங்கே சூரியன் வடக்கு வழியாகப் போவதால் சடங்கு வட்டம் போடுவதும் இடஞ்சுழியாக. சடங்கில் தீக்கு உரிய திசையையும் தெற்கிலிருந்து வடக்குக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.