பழைய வேட்டைக் குறிப்புகளில் புலியின் நீளம்: எந்த எண்ணை எடுப்பது?

கேள்வி:
ஆங்கிலேயர் காலத்து வேட்டைப் பதிவுகளை அட்டவணையாக்குகிறேன். ஒரே காட்டில் ஒரு புலி 9 அடி 4 அங்குலம், இன்னொன்று 11 அடிக்கு மேல். இரண்டையும் ஒரே பத்தியில் சேர்க்கலாமா? பாடம் செய்த தோலை அளந்து சரிபார்க்க முடியுமா?

மறுமொழி 1:
சேர்க்காதீர்கள். அளக்கும் முறை இரண்டு இருந்தது. ஒன்று முளைக்கு முளை: புலியைக் கிடத்தி, தலையையும் வாலையும் நேராக்கி, மூக்கு நுனியில் தரையில் ஒரு முளை (குச்சி), வால் எலும்பு முடிகிற இடத்தில் ஒரு முளை. உடலை அகற்றிவிட்டு நேர்கோட்டில் அளப்பார்கள். மற்றது வளைவோடு ஒட்டி: நாடா நெற்றி, பிடரி, முதுகு என்று ஏறி இறங்கும். நேர்மையாக அளந்தாலே இதில் 2 முதல் 5 அங்குலம் கூடும். உடல் விறைத்த பின் அளந்தால் முதுகு நிமிராது, முளை அளவு குறையும். முறை குறிப்பிடாத எண்ணைத் தனிப் பத்தியில் வையுங்கள்.

நாடாவைப் பிடித்தது யார் என்பதும் முக்கியம். 1911 டிசம்பரில் நேபாளத் தராயில் (இமயமலை அடிவாரத் தாழ்நிலக் காடு) பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் குழு பத்து நாளில் 39 புலிகளைச் சுட்டது. இப்படி விருந்தாளியை மகிழ்விக்கக் கொன்று குவித்த வேட்டைகளின் அளவுகளை நான் கடைசியில்தான் நம்புவேன்.

மறுமொழி 2:
தோல் உதவாது. உரித்த பச்சைத் தோலை இழுத்து முளையடித்துக் காயவைத்தால் ஒரு அடிகூட நீளும். நீங்கள் சொல்லும் 11 அடி பெரும்பாலும் அந்த வகைதான். எடையும் சந்தேகமே: கட்டிவைத்த எருமைக் கன்றைத் தின்ற புலியின் வயிற்றில் 30 கிலோ இறைச்சி இருக்கலாம். மண்டையோடு கிடைத்தால் அதை அளவுகோலாக வையுங்கள். காய்ந்தால் சற்றே சுருங்கும், ஆனால் இழுத்து நீட்ட முடியாது. வாலோ புலிக்குப் புலி மாறும். மொத்த நீளத்தில் ஏறக்குறைய 3 அடி அதுதான்.

மறுமொழி 3:
தோலைத் தொடுவதாக இருந்தால் கவனம். பூச்சி அரிக்காமலிருக்க அக்காலத்தில் உட்புறத்தில் ஆர்சனிக் சோப்பு பூசினார்கள். அந்த நஞ்சு நூறு ஆண்டு கழித்தும் போகாது. கையுறையும் முகமூடியும் வேண்டும், தட்டித் தூசி கிளப்பக் கூடாது.