பலாப் பலகை காய வைக்க வீட்டுப் பெட்டி: மரத்தின் ஈரத்தை 17 வீதத்துக்குக் கீழே இறக்குவது எப்படி?

தெஹிவளை_மரவேலை

வணக்கம். வளவில் நின்ற பலாவை (அனுமதி எடுத்துத்தான்) தறித்து, செயின்சோ மில்லால் அறுத்து 10 நாள். 40 பலகை. ஒவ்வொன்றும் 9 அடி நீளம், 9 அங்குல அகலம், ஒன்றே அரைக்கால் அங்குலத் தடிப்பு. இப்போதைக்குத் தகரக் கொட்டிலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. சில பலகைகளின் நுனி வெடிக்கத் தொடங்கிவிட்டது.

அதே கொட்டிலில் போன வருடம் அறுத்த மாம்பலகை ஈரம் அளக்கும் மீற்றரில் 17 வீதம் காட்டியபடி நிற்கிறது, கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. இவ்வளவு சிறிய தொகையைச் சூளையில் வைத்துத் தர மரக்காலைக்காரர் விரும்புகிறார்கள் இல்லை. கையில் நாளுக்கு 12 லீற்றர் என்று போட்ட டீஹியூமிடிபையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் மெஷின்) ஒன்று இருக்கிறது. 2 அங்குல ரிஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) ஒட்டிய ப்ளைவுட் பெட்டி ஒன்றின் படமும் கிடைத்தது. பலகையை இப்பவே பெட்டிக்குள் போடலாமா? எத்தனை வீதத்தில் நிறுத்துவது?

சீவுளி

முதலில் அந்த அடுக்கைப் பிரியுங்கோ, இன்றைக்கே. பச்சைப் பலகை முகத்தோடு முகம் பட்டுக் கிடந்தால் இந்த ஊரில் ஒரு கிழமையிலேயே பூஞ்சணம் பிடிக்கும்.

மாம்பலகை 17இல் நிற்பது பலகையின் பிழை இல்லை. மரம் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வரும் வரைதான் காயும். 27 பாகை, 80 வீத ஈரப்பதன் என்றால் அந்தச் சமநிலை ஏறக்குறைய 16. கொழும்புக் காற்றில் இன்னும் இரண்டு வருடம் வைத்தாலும் அதுதான் கணக்கு.

அமெரிக்கப் பக்கங்களில் சொல்லும் 7, 8 வீதத்துக்கும் போகாதீங்கோ. அது குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டுக்கான அளவு. 8இல் லாச்சி செய்து இங்கே வைத்தால் முதல் மழைக்கே ஊதி, இழுக்க முடியாமல் இறுகும். ஏசி இல்லாத அறைக்கு 13, ஏசி அறைக்கு 10 அல்லது 11. எங்கே போகும் என்று தெரியாத சாமானுக்கு 12 வையுங்கோ.

இப்பவே பெட்டியில் போட வேண்டாம். பச்சையில் இருக்கும் தண்ணீரின் பெரும்பகுதியைக் காற்றே சும்மா எடுத்துத் தரும், அதற்கு ஏன் கரண்ட்? வெடித்த நுனியை வெடிப்பு முடியும் இடம் வரை வெட்டி, அன்றே மெழுகோ மிச்ச எனமல் பெயின்றோ இரண்டு பூச்சுப் பூசுங்கோ. பத்து நாள் பிந்திவிட்டது, இது அறுத்த அன்றே செய்யும் வேலை.

அடுக்குவது வரிசைக்கு 4 பலகை, 10 வரிசை. இடையில் முக்கால் அங்குல றீப்பை (மெல்லிய மரச் சட்டம்), 18 அங்குலத்துக்கு ஒன்று. 9 அடிக்கு வரிசைக்கு 7, மொத்தம் 3 அடித் துண்டு 70 வேண்டும். றீப்பை நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கட்டும். ஈர றீப்பை வைத்தால் பலகையில் கோடு கோடாகக் கறை விழும், அது சீவினாலும் லேசில் போகாது. மேலிருந்து கீழே றீப்பைகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், அந்தக் கோட்டின் அடியில் தாங்கு கட்டையும் இருக்க வேண்டும். ஒரு அங்குலம் விலகினாலும் பலகை அந்த வளைவிலேயே காய்ந்துபோகும். மேலே சீமெந்துக் கல்லு ஏற்றுங்கோ.

நிழலில் வைத்து, அகலப் பக்கமாக ஒரு ஸ்டாண்ட் பான், காலை 9 மணியிலிருந்து மாலை வரை. இரவில் ஈரப்பதன் 90க்கு ஏறுவதால் பான் ஓடியும் பெரிய பலன் இல்லை. ஐந்தாறு வாரத்தில் 22 அளவுக்கு வரும். பிறகு பெட்டி.

கூலிங்_வேலை

பெட்டியைப் பற்றி நான் சொல்றேன். அந்தப் படத்தில் உள்ள ரிஜிபோமை விடுங்க. அது பனி ஊருக்கு வரைந்தது.

கணக்கு இதுதான். மெஷின் 250 வாட், மூன்று சின்ன பான் 120 வாட், இரண்டும் சேர்ந்து 370. பலகையிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது எடுக்கும் சூடு மெஷினின் குளிர்ந்த கொயிலில் திரும்பத் தண்ணீராகும்போது பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே கூடுவது இந்த 370 வாட் மட்டும்தான். 10 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரப் பெட்டிக்கு ஒரு அங்குல ரிஜிபோம் ஒட்டினாலே உள்ளே வெளியைவிட 15 பாகை வரை ஏறலாம். வெளியே 30 என்றால் உள்ளே 45. வீட்டு மெஷின் பெரும்பாலும் 35 பாகைக்குச் செய்தது, அதைத் தாண்டினால் கட் ஓஃப் ஆகும், இல்லாவிட்டால் கம்பிரஸர் போய்விடும். வெறும் 12 மில்லிமீற்றர் ப்ளைவுட், உள்ளே தடித்த பொலித்தீன் என்றால் ஏறுவது 6 பாகை மட்டில். அதற்கும் மேலே போனால் மெஷினை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் ஒன்றை 35இல் வையுங்க. தகரக் கொட்டில் மத்தியானம் தானே 35 தாண்டும் என்றால் பெட்டியை அங்கே வைக்கவே வேண்டாம்.

சூட்டைவிட முக்கியம் ஒழுக்கு. மூலை முழுக்க சிலிகோன், கதவுக்கு இறப்பர் பட்டி, பொலித்தீனைத் தரைக்கும் விரியுங்க. ஓட்டை இருந்தால் மெஷின் உங்கள் பலகையை விட்டுவிட்டு கொழும்பு முழுவதையும் காய வைக்கப் பார்க்கும். வாளி நிறையும், பலகை அசையாது.

அடுக்குக்கு மேலே ஒரு ப்ளைவுட் பொய்க்கூரை. அதன் மேலே 12 அங்குல எக்ஸோஸ்ட் பான் மூன்று, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து. காற்று மேலே போய், மறுபக்கம் இறங்கி, றீப்பை இடைவெளிக்குள்ளால் அகலவாட்டில் திரும்பி வர வேண்டும். அடுக்கின் இரண்டு நுனியையும் திரைபோல பொலித்தீன் தொங்கவிட்டு மூடுங்க. காற்று சோம்பேறி, சுற்றி ஓட வழி இருந்தால் பலகைக்குள் நுழையாது. உள்ளே சீமெந்துக் கல்லுக்கு இடம் போதாது, அதனால் லொறிக்குக் கட்டும் ராட்செட் பட்டியால் இறுக்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை திரும்ப இறுக்குங்க. காயக் காய அடுக்கு தாழும்.

ஈரப்பதன் செட்டிங் 60. அந்தச் சூட்டில் அதன் சமநிலை 10க்கும் 11க்கும் இடையில், ஆகவே மறந்துபோனாலும் அதிகமாகக் காயாது. தண்ணீரை வாளியில் விடாமல் குழாய் போட்டு வெளியே எடுங்க, அளந்து எழுதுங்க. உங்கள் பலகை 25 கன அடி, காய்ந்த எடை 350 கிலோவுக்குக் கிட்ட. 22இலிருந்து 12க்கு வர 35 லீற்றர் போக வேண்டும். மெஷினில் எழுதிய 12 லீற்றரை நம்ப வேண்டாம், அது 30 பாகை, 80 வீதக் காற்றுக்கு. உள்ளே 2 லீற்றர் வந்தால் நல்ல நாள். இரண்டரை, மூன்று வாரம் ஆகும். நாளுக்கு 9 யூனிட் பிடிக்கும், மாத பில் மேல் படிக்கு ஏறும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்க.

பில்டரை வாரம் ஒருமுறை கழுவுங்க. ட்ரிப் ஸ்விட்ச் இல்லாத லைனில் இருந்து எடுக்க வேண்டாம். சூட்டுக்கென்று பல்ப் போடுவதும் வேண்டாம், மரத்தூளும் பொலித்தீனும் உள்ள இடம்.

வெயில்காரன்

மெஷினே இல்லாமல் வெயில் சூட்டாலும் முடியும் அண்ணா. 30 பாகை, 75 வீதக் காற்றை 45 பாகைக்குச் சூடாக்கினால் அதே காற்று 33 வீதம்தான் காட்டும். தண்ணீரை எடுக்கத் தேவையே இல்லை, சூட்டால் காற்றின் தாகம் கூடுகிறது. வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் வெயில் சூளை வடிவத்தில் 10 போர்ட் அடிக்கு (ஒரு போர்ட் அடி என்றால் ஒரு சதுர அடி, ஒரு அங்குலத் தடிப்புப் பலகை) ஒரு சதுர அடி கூரை. உங்கள் 300 போர்ட் அடிக்கு 30 சதுர அடி போதும். கண்ணாடி வேண்டாம், பச்சைவீட்டுக்குப் போடும் யூவீ பொலித்தீன், உள்ளே கறுப்புப் பூச்சு அடித்த தகரம்.

கூரைச் சரிவில்தான் எல்லோரும் பிழை விடுவது. படத்தில் 45 பாகை இருக்கும், அது அவர்களுடைய அகலாங்குக்கு. கொழும்பு 7 பாகை வடக்கு, சூரியன் உச்சியில். சரிவு 12, 15 பாகை காணும், அதுவும் மழைத்தண்ணீர் ஓடுவதற்காக. பானைப் பகலில் மட்டும் விடுங்க. இரவில் எல்லாம் மூடினால் ஈரப்பதன் ஏறி, மேற்தோலின் இறுக்கம் தானாகத் தளரும். மெஷின் பெட்டியில் இந்த வசதி இல்லை. ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை மேகம்தான், அப்போது நாளை எண்ண வேண்டாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் இதன் காலம்.

தெஹிவளை_மரவேலை

நன்றி. மெஷின் பெட்டிதான் செய்யப்போகிறேன், காற்றில் வைக்கும் வேலை முடியட்டும். 22 ஆகிவிட்டது என்று மீற்றரை நம்பலாமா? வெளிறிய ஓரத்தில் பூச்சி ஓட்டையும் பார்த்தேன்.

சீவுளி

ஊசி மீற்றர் 30க்கு மேலே சும்மா ஒரு எண் சொல்லும். மர இனத்துக்குத் திருத்தாவிட்டால் கீழேயும் பிழைக்கும். தராசுதான் பிழைக்காது.

ஒரு பலகையின் நுனியிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளி ஒரு அங்குலத் துண்டு வெட்டுங்கோ. உடனே தராசில் நிறுத்து, 103 பாகை அவணில் எடை குறைவது நிற்கும் வரை வையுங்கோ, ஏறக்குறைய ஒரு நாள். 119 கிராம் 85 ஆனால், குறைந்த 34ஐ 85ஆல் வகுக்க 40 வீதம். அதை வெட்டிய இடத்துக்கு அடுத்த 2 அடித் துண்டின் இரு நுனியையும் பூசி, அதே நேரம் நிறுங்கோ. 2.8 கிலோ என்றால் காய்ந்த எடை 2 கிலோ. அந்தத் துண்டை அடுக்கின் நடுவில், எடுக்கக்கூடியதாக வையுங்கோ. 2.44 காட்டினால் 22 வீதம், பெட்டிக்குப் போகலாம். 2.24 காட்டினால் 12.

இறக்க முன் ஒரு பலகையில் குறுக்கே மெல்லிய துண்டு வெட்டி, நடுவை எடுத்து முள்ளுக்கரண்டிபோல ஆக்கிப் பாருங்கோ. இரண்டு பல்லும் உள்ளே வளைந்தால் தோல் இறுகியிருக்கிறது, நீளவாட்டில் கிழித்தால் வாள் பிடிபடும். மெஷினை நிறுத்தி, பான் ஓட, ஈரச் சாக்கு இரண்டு தொங்கவிட்டு ஒரு நாள் வையுங்கோ.

பூச்சிக்கு இந்தப் பெட்டி மருந்து இல்லை. மரத்தின் நடுவிலும் 56 பாகை அரை மணி நேரம் நின்றால்தான் சாகும், உங்களது 35. வெளிறிய ஓரத்தைச் சீவித் தள்ளுங்கோ, மஞ்சள் வைரம் போதும். ஓரம் வேண்டும் என்றால் போரக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரை ஈரமாக இருக்கும் இப்போதே பூசவேண்டும், காய்ந்த பலகைக்குள் அது இறங்காது.