பின்னால் மோதியது டேங்கர், முன்னால் நின்றது ட்ரெய்லர்: காயத்துக்கு இழப்பீடு யாரிடம் கேட்பது?

கேட்டவர்: கெடிலக்கரை

சென்னை–திருச்சி நெடுஞ்சாலை, உளுந்தூர்பேட்டை டோல்கேட்டுக்கு முன்னால் நடந்தது. மூன்று வாரம் ஆகிறது. வண்டிகள் தேங்கியதால் மச்சான் ஆல்ட்டோவை மெதுவாக்கினான். பின்னால் வந்த டேங்கர் இடித்த வேகத்தில் கார் முன்னால் நின்ற ட்ரெய்லரில் போய்ச் சொருகிவிட்டது. அவனுக்கு வலது காரை எலும்பு (தோளையும் மார்பையும் இணைப்பது) முறிந்து பிளேட் வைத்திருக்கிறது, கழுத்து வலியும் உண்டு. வயது 34. எலக்ட்ரீஷியன், மாதம் சுமார் 20,000 வரும், சம்பளச் சீட்டெல்லாம் கிடையாது. ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான ரசீது) மட்டும் கொடுத்தார்கள். டேங்கரின் இன்சூரன்ஸ் தரப்பு ஆள், "உங்க காரும் ட்ரெய்லரை இடிச்சிருக்கு, உங்க பேர்லயும் தப்பு. 60,000 தர்றோம், கையெழுத்துப் போடுங்க" என்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: பழைய முன்சீப் கோர்ட் தெரு

கையெழுத்துப் போடாதீங்க. அவர் நீட்டுறது "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" ரசீதாத்தான் இருக்கும். அப்புறம் கேஸ் போட்டா அதைத்தான் முதலில் காட்டுவாங்க.

சிஎஸ்ஆரை வெச்சுக்கிட்டு ஒண்ணும் நகராது, எஃப்ஐஆர் வேணும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 281, 125(பி) பிரிவுகளில் டேங்கர் டிரைவர் மேல பதியணும். ஸ்டேஷனில் இழுத்தடிச்சா எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்க. 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிற விதிப்படி போலீஸே முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும். அதை நம்பிச் சும்மா இருக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் போடுற இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாசம்தான் கெடு. விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம், மச்சான் குடியிருக்கிற ஊர்த் தீர்ப்பாயத்திலேயே எம்சிஓபி (அந்த இழப்பீட்டு மனு) போடலாம்.

இன்னொரு பொறி: அதே சட்டம் 164-ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு யார் தப்புன்னு பார்க்காம 2.5 லட்சம் உண்டு. அதை வாங்கிட்டா 166 மனு செத்துப்போகும்.

பதில்: பட்டறைக்காரன்

"உங்க பேர்லயும் தப்பு" என்பதுதான் அவர்கள் துருப்புச்சீட்டு. கார் தானாக ட்ரெய்லரில் மோதிய பிறகு டேங்கர் வந்து இடித்தது என்று கதை கட்டுவார்கள். இடைவெளி விடாமல் போய் முன் வண்டியில் மோதியவருக்குப் பாதகமாக உச்ச நீதிமன்றம் 2018-இல் நிஷான் சிங் வழக்கில் சொன்னதையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அங்கே கார் முன்னால் போன லாரியில் தானாகவே மோதியது. பின்னாலிருந்து தள்ளப்பட்ட கார் வேறு கணக்கு.

அதை நிரூபிப்பது வண்டியின் உடம்புதான். டிக்கி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, டிரைவர் சீட் முதுகுப் பக்கம் சாய்ந்து வளைந்திருக்கிறதா (பின்னாலிருந்து இடித்தால்தான் அப்படி ஆகும்), ட்ரெய்லரின் பின் கம்பி பானெட்டில் எந்த உயரத்தில் பதிந்திருக்கிறது, எல்லாவற்றையும் அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை எழுதும் முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. டேஷ்கேம் இருந்தால் கார்டை உடனே உருவிவிடுங்கள், ஓடவிட்டால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். டோல்கேட் கேமரா பதிவும் கொஞ்ச நாளில் அழிந்துவிடும். பாதுகாத்து வைக்கச் சொல்லி இன்றே கடிதம் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள்.

பதில்: பழைய முன்சீப் கோர்ட் தெரு

மேலே சொன்னதோட ஒண்ணு: ட்ரெய்லர் சிக்னல் போடாம, ரிஃப்ளெக்டர் இல்லாம நின்னுதுன்னா அதன் ஓனரையும் இன்சூரன்ஸையும் எதிர்மனுதாரரா சேர்த்திடுங்க. ரெண்டு பேர் தப்பில் மூணாவது ஆளுக்கு அடிபட்டா, முழுத் தொகையையும் யாராவது ஒருத்தர்கிட்டயே வசூலிக்கலாம். அவங்களுக்குள்ள பங்கு பிரிக்கிறது அவங்க பாடு.

பதில்: ஆர்த்தோ வார்டு

முதலில் ஏஆர் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) காப்பியை வாங்கிப் படிங்க. "தானே மோதிக்கொண்டது" மாதிரி ஒரு வரி இருந்தா பெரிய தலைவலி. கழுத்து வலி அதில் பதிவாகியிருக்கான்னு பாருங்க. இல்லேன்னா இப்பவே அதே ஆஸ்பத்திரியில் காட்டி ஓபி சீட்டில் எழுத வைங்க. நாலு மாசம் கழிச்சு எம்ஆர்ஐயோட போனா "பழைய தேய்மானம்"னு தள்ளிடுவாங்க.

ஊனச் சான்றுக்கு அவசரம் வேண்டாம். எலும்பு கூடி, தோள் எவ்வளவு உயருதுன்னு நிலையான பிறகுதான் மருத்துவக் குழு சரியா அளக்க முடியும். மனுவை முதலில் போட்டுட்டுச் சான்றைப் பிறகு வாங்கிக்கலாம். குழு தர்ற சதவீதம் அப்படியே கணக்கில் ஏறாது. கை தோளுக்கு மேல போகலேன்னா குமாஸ்தாவுக்கு அவ்வளவு நஷ்டமில்லை, சீலிங்கில் வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியனுக்குப் பிழைப்பே போச்சு. இதைச் சாட்சியத்தில் சொல்லலேன்னா சதவீதத்துக்கு இவ்வளவுன்னு ஒரு மொத்தத் தொகையோட முடிச்சிடுவாங்க.

கணக்கு இப்படி: 20,000 வருமானம், எதிர்கால உயர்வு 40% சேர்த்து 28,000. 12-ஆல் பெருக்கி, 34 வயசுக்குக் கோர்ட் எடுத்துக்கிற பெருக்கெண் 16-ஆல் பெருக்கினா 53,76,000. தொழில் திறன் இழப்பு 15% என்று ஏற்றால் 8,06,400. மருத்துவச் செலவு, வலி வேதனை, வேலை போன மாசங்கள், வட்டி எல்லாம் தனி.

கேட்டவர்: கெடிலக்கரை

60,000 எங்கே, இது எங்கே! வருமானத்துக்கு என்ன காட்டுவது? கார் ரிப்பேருக்கு? அவனுக்குத் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும்தான்.

பதில்: பழைய முன்சீப் கோர்ட் தெரு

வயர்மேன் லைசென்ஸ், நல வாரிய அட்டை, ஜிபே வரவு தெரியுற பேங்க் ஸ்டேட்மென்ட், வேலை கொடுத்த ரெண்டு பேர் சாட்சி. ஒண்ணுமே இல்லேன்னா கோர்ட்டே உத்தேச வருமானம் போடும், ஆனா அது குறைவா வரும்.

கார் சேதத்தை டேங்கர் பாலிசியில் அதே தீர்ப்பாயத்திலேயே கேட்கலாம், வழக்கமான உச்சவரம்பு 7.5 லட்சம். மச்சான் பாலிசியில் ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பு 15 லட்சம் இருந்தாலும் அது உயிர், கை கால், கண் போனாலோ நிரந்தரமா முழு ஊனமானாலோதான், எலும்பு முறிவுக்கு வராது.

மக்கள் நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டா போங்க, சீக்கிரம் முடியும். ஆனா அங்கே ஒத்துக்கிட்ட தொகைக்கு அப்பீல் கிடையாது. ஊனச் சான்று கையில் வராம உட்காராதீங்க.