கோபம் வந்தால் தலையணையைக் குத்தச் சொல்லலாமா?

கயல்: மகளுக்கு நாலு வயது. கட்டிக்கொண்டிருக்கும் கோபுரத்தைத் தம்பி தட்டிவிட்டால் போதும், காது மடல் சிவந்துவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஓங்குவாள். அவனை அடிக்காதே, தலையணையைக் குத்து என்று பழக்கியிருக்கிறேன். உள்ளேயே அடக்கி வைப்பதைவிடக் கொட்டித் தீர்ப்பது நல்லதுதானே?

செந்தூரன்: எனக்கு உடன்பாடில்லை கயல். கோபம் வந்தால் எதையாவது குத்த வேண்டும் என்றுதான் அவளுக்குப் பழகும். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் 600 கல்லூரி மாணவர்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், தங்களைச் சீண்டிய ஆளை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் கூடுதலாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவு.

கயல்: கல்லூரி மாணவர்கள் உட்காருவார்கள். நாலு வயதுப் பிள்ளை உட்காருமா? தம்பி முதுகில் விழ வேண்டிய அடி பஞ்சில் விழுகிறது. எனக்கு அதுவே பெரிய விஷயம்.

ராமு: இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். ஓர் அதட்டல் போட்டால் அடங்கிவிடும். எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள்.

செந்தூரன்: ராமு அண்ணா, அப்போது அடங்குவது வாய் மட்டும்தான். நாம் கோபத்தில் என்ன செய்கிறோமோ அதையே பிள்ளையும் செய்யும். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே மாதிரி அடித்ததை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-லேயே காட்டிவிட்டார்.

கயல், கை ஓங்கும்போதே பிடித்துக்கொள்ளுங்கள். "அடிக்க விடமாட்டேன். கோபுரம் விழுந்ததில் உனக்குக் கோபம், தெரிகிறது." அவ்வளவு போதும். அழுகை உச்சத்தில் இருக்கும்போது புத்தி சொன்னால் ஒன்றும் ஏறாது. அப்புறம், நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் வேளையில் பொம்மைகளை வைத்து அதே சண்டையை நடத்திக் காட்டுங்கள். "தொடாதே, இது என்னுடையது!" என்று உரக்கச் சொல்லிப் பழகட்டும். சத்தம் போடட்டும், தப்பில்லை. கைதான் நீளக் கூடாது. கோபுரத்தையும் தம்பிக்கு எட்டாத மேசையில் கட்டச் சொல்லுங்கள். அவள் கோபத்தில் நியாயமும் இருக்கிறதே.

கயல்: மேசை சரி, இன்றே மாற்றுகிறேன். பொம்மை விளையாட்டும் அவளுக்குப் பிடிக்கும். ஆனால் நான் பக்கத்தில் இல்லாதபோது அவள் கையை யார் பிடிப்பது? அந்த வார்த்தைகள் வாயில் பழகும்வரை தலையணை இருக்கட்டும் என்கிறேன்.

செந்தூரன்: இருக்கட்டும், ஆனால் கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குத்த வேண்டாம்.

ராமு: கத்த விடலாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.