டிராக்டர் செல்ப் சுத்துது, இஞ்சின் புடிக்க மாட்டேங்குது

மன்னார்குடி பக்கம் விவசாயி:
அண்ணே யாராச்சும் சொல்லுங்க, ஆத்துல தண்ணி வந்துடுச்சு, குறுவைக்கு சேத்துழவு ஓட்டலாம்னு ரெண்டு மாசமா கொட்டாயில நின்ன வண்டிய எடுத்தா செல்ப் நல்லா சுத்துது ஸ்டார்ட் ஆவல. டேங்க் காஞ்சு கிடந்துச்சு, 10 லிட்டர் டீசல் ஊத்திட்டேன். மெக்கானிக் நாலு நாளா நாளைக்கு வர்றேங்கிறாரு.

பழைய ஃபிட்டர்:
சைலன்சர்ல புகை வருதா தம்பி? வெள்ளப்புகைன்னா டீசல் போவுது எரியல, புகையே இல்லன்னா டீசலே போவல.

மன்னார்குடி பக்கம் விவசாயி:
சுத்தமா இல்லண்ணே

நீடாமங்கலம்:
இஞ்சின நிறுத்துற ஸ்டாப் நாப் உள்ள தள்ளியிருக்கான்னு மொதல்ல பாருங்க 😄 எங்க மாமா அத இழுத்துவுட்டுட்டு ஒருநாள் பூரா செல்ப் அடிச்சாரு

பழைய ஃபிட்டர்:
டேங்க் காஞ்சுதுன்னா ஏர் லாக்தான், டீசல் பைப்புல காத்து அடைச்சிருக்கும். ஃபில்டர் மேல உள்ள காத்து எடுக்குற ப்ளீடிங் ஸ்க்ரூவ லூஸ் பண்ணிட்டு, டேங்க்லேர்ந்து டீசல இழுக்குற ஃபீட் பம்ப்ல இருக்க கைப்பம்ப அடி, மொதல்ல நுரையா கக்கும், நுரை நின்னு டீசல் மட்டும் வந்தோன்ன அடிச்சிக்கிட்டே டைட் வையி. அப்பவும் புடிக்கலன்னா இஞ்சினுக்குள்ள டீசல பீச்சுற இன்ஜெக்டரோட பைப் நட்ட லேசா லூஸ் பண்ணி செல்ப் அடி, ஆனா அங்க வெரல வச்சு பாக்காத, பிரஷர்ல டீசல் தோலுக்குள்ளயே எறங்கிடும். செல்ப 10 செகண்டுக்கு மேல புடிக்காத, மோட்டர் சூடேறிடும்.

மன்னார்குடி பக்கம் விவசாயி:
புடிச்சிடுச்சுண்ணே!! ஃபில்டர் கிண்ணத்த கழட்டுனா அடியில அரை டம்ளர் தண்ணி, துரு கலந்து டீ கலர்ல கிடக்கு. தொடச்சு மாட்டி, நீங்க சொன்னாப்ல காத்து எடுத்தேன், மூணாவது செல்ப்ல கருப்பா கக்கிட்டு ஓடிருச்சு. வயலுக்கு கெளம்புறேன்